அடைக்காத காதும் அடங்கிய இரைச்சலும்

காதை அடைக்காமலே வெளி இரைச்சலைத் தணிக்கும் கம்பியில்லா இயர்போன்கள் இன்று கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கின்றன. காதுத் துவாரத்தின் வாயிலில் மெல்ல ஒட்டிக்கொண்டு நிற்கும் இந்தச் சிறு கருவிக்கு ரப்பர் நுனி கிடையாது; உள்ளே நுழைந்து துவாரத்தை மூடிவிடும் உத்தேசமும் கிடையாது; ஆயினும் மின்விசிறியின் ரீங்காரத்தையும் பஸ் எஞ்சினின் உறுமலையும் ஓரளவு அடக்கிவிட்டே பாட்டைக் கேட்கச் செய்கிறது. இது எப்படிச் சாத்தியமாயிற்று என்று வியப்பதைவிட, இத்தனை காலம் ஏன் அசாத்தியமாயிருந்தது என்று விசாரிப்பதே பயனுள்ள காரியம். அவ்விசாரணையில் இறங்குகிறவனுக்கு, காதுக்கு ஒலியைக் கொண்டுசேர்க்க முயன்றவர்களின் சரித்திரம் ஒன்றும், காதிலிருந்து ஒலியை விலக்க முயன்றவர்களின் சரித்திரம் ஒன்றுமாக, வெகுகாலம் ஒன்றையொன்று பாராமலே வளர்ந்த இரண்டு சரித்திரங்கள் எதிர்ப்படுகின்றன.

முதல் சரித்திரம் பாரிஸ் நகரத்துச் சங்கீதத்தில் தொடங்குகிறது. 1881-ஆம் ஆண்டு அங்கே நடந்த சர்வதேச மின்சாரக் கண்காட்சியில், பிற்காலத்தில் பறக்கும் யந்திரங்களைக் கட்டியும் பெயர் பெற்ற கிளெமான் ஆதேர் என்ற எஞ்சினியர், ஆபேரா நாடகசாலையின் மேடையோரம் முழுவதும் டெலிபோன் ஒலிவாங்கிகளை வரிசையாகப் பதித்து, அங்கே பாடப்பட்டதையெல்லாம் கம்பி வழியே கண்காட்சி மண்டபத்துக்குக் கொண்டுவந்தார். கேட்பவர் ஒவ்வொரு காதிலும் ஒவ்வொரு குழலை வைத்துக்கொள்ள வேண்டும். இடக் காதின் குழல் மேடையின் ஒரு புறத்து ஒலிவாங்கியோடும் வலக் காதின் குழல் மறுபுறத்து ஒலிவாங்கியோடும் இணைந்திருந்தபடியால், பாடகர் மேடையில் இப்புறமிருந்து அப்புறம் நடந்தால் அந்த நடையும் காதில் புலப்பட்டது. எழுத்தாளர் விக்தர் ஹ்யூகோ அவ்வாண்டே இதைக் கேட்டு மகிழ்ந்தார். 1890-இல் இது தியாத்ரோஃபோன் என்ற பெயரில் வியாபாரமாகி, ஹோட்டல்களிலும் காப்பிக்கடைகளிலும் காசு போட்டுக் கேட்கும் பெட்டிகளாகவும், வசதியுள்ளவர் வீடுகளில் மாதச் சந்தாவாகவும் பரவியது. நாவலாசிரியர் மார்சல் புரூஸ்ட் 1911-இல் சந்தாதாரராகித் தம் படுக்கையறையிலிருந்தே ஆபேராக்களைக் கேட்டார். நோயினால் வெளியே போக முடியாத ஒரு ரசிகனுக்கு நாடகசாலையே காதருகே வந்ததென்பது எனக்கு இந்தச் சரித்திரத்தின் மிக நேர்த்தியான அத்தியாயமாகத் தோன்றுகிறது. அதன் பிறகு வந்த யந்திரங்கள் பல மடங்கு திறமை வாய்ந்தவையே தவிர, உத்தேசத்தில் அதைவிட உயர்ந்தவை அல்ல.

பாரிஸில் குழலைக் கையில் பிடித்துக்கொண்டே கேட்க வேண்டியிருந்தது. டெலிபோன் இணைப்பகத்தில் வேலை செய்த பெண்களோ அக்காலத்தில் தோளில் ஒரு சேணம்போல மாட்டப்பட்ட கனத்த கருவியைச் சுமந்தார்கள். காதுக்குள்ளேயே தங்கக்கூடிய இலேசான குழல்களை எர்னெஸ்ட் மெர்காதியே என்ற பிரெஞ்சுக்காரர் 1891-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றுச் செய்தார். அவற்றின் நுனிக்கு அவர் ரப்பர் உறை போட்டிருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். வெளிச் சப்தம் புகாமல் காதை மூட வேண்டும் என்ற யோசனை அன்றே வந்துவிட்டது; மூடாமல் விடலாம் என்ற யோசனை வருவதற்கு இன்னும் முக்கால் நூற்றாண்டு ஆக வேண்டியிருந்தது.

தலையில் மாட்டும் ஹெட்போன் பிறந்த இடம் ஒரு சமையலறை. அமெரிக்காவின் யூட்டா மாகாணத்தில் நதானியேல் பால்ட்வின் என்றொருவர் இருந்தார். ஸ்டான்ஃபோர்டில் படித்தவர், மார்மன் சமயத்தில் ஆழ்ந்த பற்றுடையவர். சால்ட் லேக் நகரத்துப் பெரிய பிரார்த்தனை மண்டபத்தில் பிரசங்கம் சரியாகக் கேட்கவில்லை என்ற மனக்குறைதான் அவரை ஒலிக்கருவிகள் பக்கம் திருப்பிற்றென்று சொல்வார்கள். 1910-இல் அவர் தாம் செய்த ஹெட்போன்களை அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். கூடவே, நீலமும் இளஞ்சிவப்புமான காகிதத்தில் ஊதா மையால் எழுதிய கடிதம் ஒன்றும் போயிற்று. இத்தகைய கடிதம் எழுதுகிறவரைக் காரியஸ்தர்கள் நம்புவது அபூர்வம். ஆயினும் ஓர் அதிகாரி கருவியைச் சோதித்துப் பார்க்க, அது அவர்கள் கையிலிருந்த எதையும்விடக் கூர்மையாகக் கேட்கச் செய்தது. ஒவ்வொரு காதுக்குமான உறுப்புக்குள்ளும் மயிரிழை போன்ற தாமிரக் கம்பி ஏறக்குறைய ஒரு மைல் நீளம் சுற்றப்பட்டிருந்தது. இன்னும் வேண்டுமென்று கடற்படையார் கேட்டபோது, ஒரு தடவைக்குப் பத்துக்கு மேல் செய்து தர இயலாது, ஏனெனில் சமையலறையில்தான் செய்கிறேன் என்று அவர் பதில் கொடுத்தார். முதல் உலக யுத்தமும் பிறகு ரேடியோவும் அவரைப் பெரும் செல்வராக்கின, தொழிற்சாலை கட்டினார், பலதார மணத்தை விடாப்பிடியாக அனுசரித்த ஒரு கூட்டத்தாருக்குத் தம் செல்வத்தை வாரி வழங்கி, 1920களிலேயே நொடித்துப்போனார். அவருடைய தலைவளையமும் இரண்டு மூடிகளும் மட்டும் உலகத்தில் நிலைத்தன.

பெர்லினில் ஆய்கன் பேயர் 1937-இல் வெளியிட்ட டிடி 48 என்ற ஹெட்போன், காந்தப்புலத்தில் அசையும் சுருளைக் கொண்டு ஒலியின் தரத்தை உயர்த்தியது. மில்வாக்கி நகரில் ஜான் காஸ் 1958-இல் இசை ரசிகர்களுக்கென்றே ஸ்டீரியோ ஹெட்போனை விற்கத் தொடங்கினார். இவை அனைத்தும் மூடிய ஜாதி. காதைச் சுற்றி ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அழுத்தினால்தான் அடிஸ்தாயி ஒலிகள் கசியாமல் காதுக்கு வந்து சேரும் என்பது அந்தத் தொழிலில் வேதவாக்காக இருந்தது. வேர்வையும் பாரமும் அதற்குச் செலுத்த வேண்டிய வரி.

அந்த வேதவாக்கை மீறியவர்கள் ஜெர்மனியில் ஹானோவருக்கு அருகே ஃபிரிட்ஸ் சென்ஹைசர் 1945-இல் தொடங்கிய பரிசோதனைச்சாலையைச் சேர்ந்தவர்கள். 1968-இல் அவர்கள் வெளியிட்ட எச்டி 414 என்ற ஹெட்போனில் கிண்ணமே இல்லை. ஒலித்தகட்டின் முதுகு வெளிக்காற்றுக்குத் திறந்திருந்தது. காதுக்கும் அதற்கும் நடுவே ஒரு மஞ்சள் நுரைப்பஞ்சு மட்டும் இருந்தது. இலேசான அந்தக் கருவியைப் போட்டுக்கொண்டவருக்கு, சங்கீதம் மண்டைக்குள் அடைபட்டு ஒலிக்காமல் எதிரே விரிந்த ஒரு வெளியில் நடப்பதுபோலிருந்தது. அடுத்த அறையில் குழந்தை அழுதால் அதுவும் கேட்டது. ஒரு கோடிக்கு மேல் அது விற்றதென்றால், ஜனங்கள் அத்தனை நாளும் கிண்ணத்தை விரும்பி அணியவில்லை, வேறு வழியில்லாமல் அணிந்தார்கள் என்றுதான் கொள்ள வேண்டும்.

1979 ஜூலையில் ஸோனி வெளியிட்ட வாக்மன் என்ற கையடக்கக் கேஸட் கருவியோடு வந்த ஹெட்போனும் இந்தத் திறந்த வம்சத்தைச் சேர்ந்ததே. அந்த முதல் வாக்மனில் இன்று பலரும் மறந்துபோன ஒரு விசேஷம் இருந்தது. ஒருவர் தனியாகக் கேட்பது மரியாதைக் குறைவாகக் கருதப்படுமோ என்று ஸோனியின் தலைவர் அகியோ மொரிட்டா அஞ்சியதால், இருவர் சேர்ந்து கேட்க இரண்டு துளைகளும், அவர்கள் பேசிக்கொள்ள விரும்பினால் பாட்டைத் தணித்து ஒலிவாங்கி வழியே பேச்சை உள்ளே விடும் ஆரஞ்சு நிறப் பொத்தான் ஒன்றும் வைக்கப்பட்டிருந்தன. வாங்கியவர்களோ ஆளுக்கொன்றை வாங்கிக்கொண்டு தனித்தனியாகவே கேட்டார்கள். பின்வந்த மாதிரிகளில் பொத்தான் மறைந்தது. வெளியுலகத்தை விரும்பும்போது உள்ளே அழைக்கும் வசதியென்று இன்று இயர்போன் விளம்பரங்களில் முழங்கப்படுவது, அந்த ஆரஞ்சுப் பொத்தானின் பேரப்பிள்ளை. 1982-இல் அதே நிறுவனம் தலைவளையத்தையும் நீக்கி, காதின் மடலிலேயே செருகி நிற்கும் சிறு உருண்டையைக் கொண்டுவந்தது. ஆப்பிளின் ஐபாடோடு 2001-இல் வந்த வெள்ளைக் கம்பி இயர்போனும், 2016 டிசம்பரில் கம்பியே அறுந்து விற்பனைக்கு வந்த ஏர்பாட்ஸும் அந்த உருண்டையின் வழித்தோன்றல்கள்.

இனி, ஒலியை விலக்கியவர்களின் கதை.

பால் லூக் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி 1933-இல் தம் நாட்டிலும், அடுத்த ஆண்டு அமெரிக்காவிலும் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அமெரிக்க உரிமை 1936-இல் கிடைத்தது. ஒலியென்பது காற்றின் அழுத்தம் ஏறுவதும் இறங்குவதுமேயாகையால், ஓர் ஒலி ஏறும் அதே கணத்தில் அதே அளவு இறங்கும் வேறோர் ஒலியை அதன்மேல் விட்டால் இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும் என்ற தத்துவம் பழையது. அதை யந்திரமாக்க அவர் கண்ட உபாயந்தான் புதியது. ஒரு குழாயின் முன்பகுதியில் ஒலிவாங்கியை வைத்து, வரும் இரைச்சலை அது கண்டதும் கம்பி வழியே முன்னதாகச் செய்தி அனுப்பி, குழாயின் பின்பகுதியிலிருக்கும் ஒலிபெருக்கியை அந்த எதிர் ஒலியோடு தயாராகக் காத்திருக்கச் செய்யலாம் என்றார் அவர். ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர்தான் ஓடுகிறது, மின்சாரமோ அதற்கு எத்தனையோ முன்னதாகப் போய்ச் சேர்ந்துவிடும். இன்று காதில் செருகும் கருவியின் வெளிப்புறத்து ஒலிவாங்கி செய்வதும் இதே காரியந்தான். அன்றைய வால்வுகளைக் கொண்டு அதைச் செய்து முடிக்க முடியவில்லை என்பது அவருடைய குற்றமன்று.

இந்த இடத்தில் ஒரு கணக்கைச் சொல்லாமல் மேலே போக முடியாது. எதிர் ஒலி ஒரு கணம் பிந்தினால் என்ன ஆகும்? பிந்திய தூரம் இரைச்சலின் அலைநீளத்தில் ஆறிலொரு பங்கைத் தாண்டிவிட்டால், இரைச்சல் குறைவதற்குப் பதிலாகக் கூடிவிடும். விநாடிக்கு 100 தடவை அதிரும் எஞ்சின் உறுமலுக்கு அலைநீளம் ஏறக்குறைய மூன்றரை மீட்டர். ஆகவே அரை மீட்டர் பிசகினாலும் அங்கே தாங்கும். விநாடிக்கு 1,000 அதிர்வுக்கு இந்தச் சலுகை ஆறு சென்டிமீட்டருக்கும் குறைவு. 5,000 அதிர்வுக்கு ஒரு சென்டிமீட்டரை ஒட்டியது. ஒரு சென்டிமீட்டரை ஒலி கடக்கும் நேரம் விநாடியில் ஏறக்குறைய 34,000-இல் ஒரு பங்கு. தாழ்ந்த உறுமலை அடக்கும் யந்திரங்கள் எளிதில் அமைந்ததற்கும், பக்கத்து வீட்டுக்காரரின் பேச்சை அடக்கும் யந்திரம் இன்றுவரை சரியாக அமையாததற்கும் காரணம் வேறெதுவுமில்லை.

இந்தச் சட்டத்தின் முழுக் கடுமையையும் அனுபவித்தறிந்தவர் ஹாரி ஓல்ஸன். பிரின்ஸ்டனில் ஆர்சிஏ நிறுவனத்தின் ஆராய்ச்சிச்சாலையில் இருந்த அவர், எலெக்ட்ரானிக் யந்திரத்தால் சங்கீதம் பிறப்பிக்கும் முயற்சிக்கும் தலைமை வகித்தவர். 1953-இல் எவரெட் மே என்பவரோடு சேர்ந்து அவர் பிரசுரித்த கட்டுரையில், ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும் நெருங்கியமைந்த ஒரு பெட்டி வர்ணிக்கப்படுகிறது. அதை ஆசனத்தின் சாய்வில், பிரயாணியின் தலைக்கருகே பொருத்தினால், காதில் எதையும் மாட்டாமலே அவர் காதைச் சுற்றியுள்ள காற்று அமைதியடையும். விமானத்தில் அமர்ந்திருப்பவனையும் யந்திரத்தருகே நின்று வேலை செய்பவனையும் உத்தேசித்து எழுதப்பட்டது அது. என் அபிப்பிராயத்தில், இன்றைய அடைக்காத இயர்போனின் உண்மையான மூதாதை, எந்த ஹெட்போனும் அன்று, இந்த நாற்காலிதான். ஆனால் நாற்புறமிருந்தும் ஒலி வரும் ஓர் அறையில் இப்படி உண்டாகும் அமைதி அலைநீளத்தில் பத்திலொரு பங்கு அகலமே நிற்கும். 100 அதிர்வுக்கு ஒரு முழத்துக்கும் குறைந்த இடம், 1,000 அதிர்வுக்கு மூன்றரை சென்டிமீட்டர். பிரயாணி தலையைச் சற்றுத் திருப்பினால் அமைதி பின்தங்கி, காது முன்னே போய்விடும். நாற்காலி கைவிடப்பட்டது.

ஆகவே ஆராய்ச்சியாளர்கள் மறுபடியும் கிண்ணத்தையே சரணடைந்தார்கள். ஆர்சிஏயிலேயே வில்லார்ட் மீக்கர் என்பவர் அமெரிக்க விமானப்படைக்காகக் காதுமூடிக்குள் ஒலிவாங்கியையும் ஒலிபெருக்கியையும் வைத்து 1950களின் பிற்பாதியில் ஆராய்ந்தார். ஹெலிகாப்டர் ஓட்டிகளின் துன்பத்தைத் தீர்க்க லாரன்ஸ் ஃபோகல் என்பவர் காப்புரிமைகள் பெற்றார். அதன் பிறகு இத்துறை நெடுங்காலம் உறங்கிற்று.

அதை எழுப்பியவர் அமர் போஸ். அவருடைய தந்தை நோனி கோபால் போஸ், கல்கத்தாவில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்று, 1920-இல் தப்பி அமெரிக்கா சேர்ந்த தேசபக்தர்; மகன் 1929-இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்து, இரண்டாம் உலக யுத்த காலத்தில் குடும்ப வருமானத்துக்குத் துணையாக ரேடியோ ரிப்பேர் செய்து, பிறகு எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, 1964-இல் தம் பெயரால் ஒரு கம்பெனியும் தொடங்கியவர். விமானங்களில் அதுவரை பிரயாணிகளுக்குக் கொடுக்கப்பட்டவை பெரும்பாலும் டாக்டர்களின் ஸ்டெதஸ்கோப்பைப் போன்ற வெறும் காற்றுக்குழாய்கள். 1978-இல் ஸூரிக்கிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்துகொண்டிருந்த போஸ், அவற்றுக்குப் பதிலாக வந்திருந்த மின்சார ஹெட்போனை ஆவலோடு மாட்டிக்கொண்டு, எஞ்சின் இரைச்சல் சங்கீதத்தை விழுங்கிவிட்டதைக் கண்டு ஏமாற்றமடைந்தார். அத்துடன் விடாமல், ஆசனத்தில் அமர்ந்தபடியே கணக்குப் போடத் தொடங்கி, விமானம் இறங்குவதற்குள் இது ஆகக்கூடிய காரியந்தான் என்று தமக்குத் தாமே நிரூபித்துக்கொண்டார். காகிதத்தில் ஒரு பிரயாணத்தில் முடிந்தது, கையில் முடியப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. 1986 டிசம்பரில் டிக் ருட்டனும் ஜீனா யேகரும் வாயேஜர் என்ற சிறு விமானத்தில் எங்கும் இறங்காமல் ஒன்பது நாளில் உலகத்தைச் சுற்றியபோது, அவர்கள் செவியைக் காத்தது இந்தக் கம்பெனியின் பரிசோதனை ஹெட்போன். லுஃப்தான்ஸா விமானிகளுக்காக 1984-இல் அதே வேலையில் இறங்கிய சென்ஹைசர் நிறுவனம் 1987-இல் தன் கருவியைக் காட்டிற்று. போஸ் 1989-இல் விமானிகளுக்கு விற்றார். 2000-இல் சாதாரணப் பிரயாணிக்கும் அந்த நிசப்தம் விலைக்கு வந்தது.

இவையெல்லாம் கிண்ணத்துக்குள் நடந்த வித்தைகள் என்பதை மறக்கலாகாது. மூடிய கிண்ணம் உச்சஸ்தாயி ஒலிகளைத் தானாகவே தடுத்துவிடுகிறது; தாழ்ந்த உறுமலை மட்டும் மின்சாரம் பார்த்துக்கொண்டால் போதும். ரப்பர் நுனியால் காதை அடைக்கும் சிறிய இயர்போன்களும், 2019 அக்டோபரில் வந்த ஏர்பாட்ஸ் புரோ உட்பட, இந்த வேலைப்பங்கீட்டையே பின்பற்றுகின்றன. அதன் தொல்லைகள் அணிந்தவருக்குத் தெரியும்: தம் குரல் தமக்கே பானைக்குள் பேசுவதுபோல் முழங்குகிறது, மென்று தின்னும் ஓசை மண்டையில் இடிக்கிறது, நேரமானால் துவாரம் நமைக்கிறது.

அடைக்காத கருவியில் இந்தத் தொல்லைகள் இல்லை; ஆனால் உச்சஸ்தாயி தடையின்றி உள்ளே வருகிறது, அடிஸ்தாயி எதிர் ஒலியோ தயாராகும்போதே இடுக்கு வழியாகக் கசிந்துவிடுகிறது. அதைவிடப் பெரிய சங்கடம், இடுக்கின் அளவு ஆளுக்கு ஆள் மாறுவதும், ஒரே ஆளுக்கும் தாடையை அசைத்தால் மாறுவதும் ஆகும். எவ்வளவு கசிகிறதென்று கணந்தோறும் அளந்து, அதற்கேற்ற எதிர் ஒலியைத் திருத்திக்கொண்டேயிருக்கும் ஒரு கணிதம் இல்லாமல் இது நடவாது. அந்தக் கணிதத்தின் வித்து 1960-இல் ஸ்டான்ஃபோர்டில் பெர்னார்ட் விட்ரோவும் அவர் மாணவர் டெட் ஹாஃபும் வகுத்த முறையில் இருக்கிறது. மாணவர் பிற்காலத்தில் இண்டெல் கம்பெனியில் மைக்ரோபிராஸஸரைக் கருக்கொண்டவர்களில் ஒருவரானார். ஆசிரியரோ அதே முறையைக் கொண்டு, கர்ப்பிணியின் இதயத்துடிப்பை விலக்கிச் சிசுவின் இதயத்துடிப்பை மட்டும் பதிவிலிருந்து பிரித்துக் காட்டினார். அரிசி மணியளவு சில்லுக்குள் அது அடங்கும் காலம் வந்த பிறகுதான் திறந்த காதுக்கு வழி பிறந்தது.

முதலில் துணிந்தது ஹுவாவே கம்பெனி. 2019 செப்டம்பரில் பெர்லினில் அறிமுகமான ஃபிரீபட்ஸ் 3, அடைக்காமல் இரைச்சலை நீக்கும் முதல் இயர்போன் என்று பறைசாற்றிக்கொண்டது. ஆயினும் தன் காதுக்குப் பொருத்தமான நிலையைக் கண்டுபிடிக்க, வாங்கியவரே போனின் திரையில் ஒரு வட்டத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டியிருந்தது; கணிதம் செய்ய வேண்டிய வேலையில் பாதியை மனிதன் செய்தான். 2020 ஆகஸ்டில் சாம்சங், மொச்சைக்கொட்டை வடிவில் பட்ஸ் லைவைக் கொண்டுவந்தது; பார்க்க அழகு, அணியச் சுகம், ஆனால் இரைச்சல் நீக்கத்தை இயக்கியதற்கும் நிறுத்தியதற்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று முறையிட்டவர்கள் அநேகர். 2024 செப்டம்பரில் ஆப்பிள் வெளியிட்ட ஏர்பாட்ஸ் 4-இல்தான் இந்த முயற்சி உருப்படியாக அமைந்தது என்று பரிசோதித்தவர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொண்டார்கள். ஒவ்வொரு காதுக்கும் நாலேகால் கிராமுக்குச் சற்று மேற்பட்ட பாரம். அதற்குள் ஒலிவாங்கிகளும் ஒலித்தகடும் பாட்டரியும் மேற்சொன்ன கணிதமும்.

அந்தக் கருவியை அந்நிறுவனம் இரண்டு விதமாக விற்கிறது. இரைச்சல் நீக்கம் இல்லாதது இந்தியாவில் 12,900 ரூபாய்க்கும், அதே வடிவில் இரைச்சல் நீக்கம் உள்ளது 17,900 ரூபாய்க்கும் வெளியாயின. இரண்டாவதில் வேறு சில சில்லறை வசதிகளும் உண்டென்றாலும், நிசப்தத்துக்குத் தனியாக 5,000 ரூபாய் விலை குறித்து, வேண்டுபவர் எடுத்துக்கொள்ளலாம், வேண்டாதவர் விட்டுவிடலாம் என்று வைத்தது இந்த வியாபாரத்தில் நேர்மையான பழக்கமாக எனக்குப் படுகிறது. எழுத்து வேலை செய்கிறவர்கள், மின்விசிறிக்கும் ஏர் கண்டிஷனருக்கும் நடுவே நாள் முழுவதும் அமர்ந்திருப்பவர்கள், குக்கர் விசிலும் வாசல் மணியும் காதில் விழவேண்டிய வீட்டில் பாட்டுக் கேட்பவர்கள் ஆகியோருக்கு அந்த 5,000 வீண்செலவன்று. இரவு விமானத்தில் பத்து மணி நேரம் உட்கார்ந்து தூங்க நினைப்பவர் இதை நம்பிப் பணத்தைச் செலவிட வேண்டாம். அவருக்குக் கிண்ணம்தான் கதி.